அடுப்பை வெளியே எடுக்கிற நாள்

1

பதினோரு மாதத்துக்கு ஒருமுறை என் போனில் ஓர் அலாரம் அடிக்கும். இந்த வாரம் அடித்தது. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் ஒரு வீட்டைக் கட்டி வாடகைக்கு விடலாம், பிறகு காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம் என்று நினைக்கிறவர்கள் மலையாள எல்லைக்குள் இருக்கிற எங்கள் பெருமாட்டிப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். காலை நீட்ட முடியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன், தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அந்த அலாரத்தின் பழைய பெயர் ‘அடுப்பு’. இப்போது வேறு பெயர் வைத்திருக்கிறேன், அதைக் கடைசியில் சொல்கிறேன். போன தடவை அது அடித்தபோது ஒரு வெள்ளிக்கிழமை, மஸ்கட்டில் லீவு நாள். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மகள் ஹேமா போனை எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டினாள். தமிழில் அவளுக்கு அவ்வளவுதான் வரும்.

“அ... டு... ப்பு. அப்பா, அடுப்பு யாரு?”

“ஆள் இல்ல கண்ணு. அடுப்பு. ஸ்டவ்.”

“ஸ்டவ்வுக்கு எதுக்கு அலாரம்?”

என் சம்சாரம் சரசு சட்னிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள். “உங்கப்பனுக்கு நம்மூட்டு அடுப்பு எரியுதான்னு தெரியாது. ஊர்ல குடியிருக்கறவங்க அடுப்புத்தான் கண்ணுக்குள்ளயே நிக்கும்.”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஏழரை. ஊரில் ஒன்பது. என் மச்சினன் தங்கவேலு இந்நேரம் பைக்கை எடுத்திருக்க வேண்டும்.

2

ஏன் அடுப்பு என்று சொல்லிவிடுகிறேன்.

நிலச்சட்டம் வந்த காலத்தில் எங்கள் பெரியப்பா தோப்பில் குடிசை போட்டிருந்தவருக்குப் பத்து செண்ட் எழுதிக் கொடுக்கவேண்டி வந்தது. குடிகிடப்பு உரிமை என்பார்கள். இருக்கிற இடம் இருக்கிறவனுக்கு. சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மனிதர் தோப்பில் வேலை செய்த நாளை எண்ணினால் பெரியப்பா தோப்பை எட்டிப் பார்த்த நாளை விட அதிகம் வரும். ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் கதையைச் சொல்கிற விதம் வேறு. ஆபீசர் ஜீப்பில் வந்தாராம். பத்திரத்தைக் கேட்கவில்லையாம். நேராகக் குடிசைக்குள் போய் அடுப்பைப் பார்த்தாராம். “இது எத்தனை வருசமா இங்க எரியுது?” என்றாராம். அவ்வளவுதான், எழுதிக்கொண்டு போய்விட்டாராம்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு சட்டம் உண்டாகிவிட்டது. அடுத்தவன் அடுப்பு நம் இடத்தில் ஒரு வருசம் முழுதாக எரியக்கூடாது. தோப்பில் தங்கி வேலை செய்கிறவர்கள் வருசத்துக்கு ஒருமுறை அடுப்புக் கல்லை வரப்பைத் தாண்டிக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்து வருவார்கள். அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பார்.

நான் இங்கே ஒரு மெயின்டனன்ஸ் கம்பெனியில் பிளம்பராக வந்து, இப்போது ஆறு பேருக்கு சூப்பர்வைசர். இருபது வருசத்தில் பெருமாட்டியில் ஆறு செண்டில் மொட்டை மாடியோடு ஒரு தார்சு வீடு கட்டினேன். கம்பெனி என்றைக்கு விசாவை கேன்சல் பண்ணினாலும் நான் போய் இறங்க எனக்கிருப்பது அந்த ஒரே இடம். பூட்டி வைத்தால் வீடு கெட்டுவிடும் என்று வாடகைக்கு விட்டேன்.

முதலில் ஊர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிற மூன்று இளவட்டங்கள். சுவரில் நாற்பத்திரண்டு ஆணி அடித்தார்கள். காலி பண்ணிய பிறகு தங்கவேலு எண்ணிச் சொன்னான். மூன்று பேருக்கு அத்தனை சட்டையா என்று ஒரு வாரம் யோசித்தேன். பிறகு ஒரு வாத்தியார் குடும்பம். நல்ல மனிதர்கள். மூன்றே மாதத்தில் ட்ரான்ஸ்பர். அப்புறம் ஐந்து மாதம் ஆளே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் என் போர்டிகோவில் தேங்காய்ப் பருப்பு காயப்போட்டார்.

அதன் பிறகு வந்தவர்கள்தான் செல்வராஜும் முத்துலட்சுமியும். மூணாறுப் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர் செல்வராஜ். எங்கள் ஊர் எண்ணெய் மில்லில் மெஷின் பார்க்க வந்தார். வந்த வாரமே நான் எட்டு மாதமாக போனில் சொல்லியும் யாராலும் நிறுத்த முடியாத குளியலறை டேப்பின் ஒழுக்கை நிறுத்தினார். நான் பிளம்பர். மஸ்கட்டில் ஊரார் வீட்டு டேப்பையெல்லாம் அடைக்கிறவன். என் வீட்டு டேப்பை ஒரு தேயிலைக்காரர் அடைத்தார்.

இப்படிப்பட்ட ஆள் கிடைத்தால் யாராக இருந்தாலும் சந்தோஷப்படுவார்கள். எனக்குப் பயம் வந்தது. இவ்வளவு நன்றாக வீட்டைப் பார்த்துக்கொள்கிறாரே, தன் வீடு என்று நினைத்துவிட்டாரோ?

3

எங்கள் பக்கத்துச் சித்தூரில் ஆதாரம், அதாவது பத்திரம், எழுதுகிற ஒருவரிடம்தான் வாடகைப் பத்திரம் எழுதினோம். முழுக்க மலையாளம். எனக்கு மலையாளம் பஸ் போர்டு வரைக்கும்தான். ஹேமா போனைப் பத்திர நகலின் மேல் பிடித்தால் போன் அதைத் தமிழில் சொல்லும் என்றாள். பிடித்தாள். ‘வீட்டை உண்பவர் சுவரைக் காயப்படுத்தாமல் பதினோரு மாதம் அனுபவிக்க’ என்று வந்தது. அன்றைக்கு நான் மதியச் சோறு சாப்பிடவில்லை.

எழுதினவருக்கே போன் போட்டேன். அடுப்பைப் பற்றிக் கேட்டேன். பதினோரு மாதம் என்பது காகிதத்தில்தான், முடிந்ததும் புதுக் காகிதம் எழுதினால் போதும், அடுப்பை யாரும் பார்க்க மாட்டார்கள், குடிகிடப்பெல்லாம் அந்தக் காலத்துக் குடிசைக்கு, இதற்கு இல்லை என்று பொறுமையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் “பேடிக்கேண்ட” என்றார். பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். யாராவது பயப்பட வேண்டாம் என்று சொன்னால்தான் எனக்குப் பயம் கூடும். பயப்பட ஒன்றும் இல்லையென்றால் அந்த வார்த்தை எதற்கு வருகிறது?

ஆகவே முதல் பதினோரு மாதம் முடிந்த அன்று அடுப்பை வெளியே எடுக்கச் சொன்னேன்.

செல்வராஜுக்கு முதலில் புரியவில்லை. “கேஸ் அடுப்பு ரிப்பேரா அண்ணாச்சி?” என்றார். என்னை விடப் பத்து வயது மூத்தவர். இருந்தாலும் வீட்டுக்காரனை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

“ரிப்பேர் இல்லீங்க. ஒரு சம்பிரதாயம். அடுப்பு, சிலிண்டர், ரெண்டு பாத்திரம், கேட்டுக்கு வெளிய. ஊட்டப் பூட்டிச் சாவிய தங்கவேலு கையில குடுங்க. ஒரு நாழி பொறுத்து மறுக்கா வாங்கிட்டு உள்ள போயி பால் காய்ச்சுங்க.”

“நாங்களே குடுத்து நாங்களே வாங்கணும்?”

“ஆமாங்க.”

“நல்லாருக்கு அண்ணாச்சி. வருசா வருசம் கிரகப்பிரவேசம்.” சிரித்துக்கொண்டே சிலிண்டரைத் தோளில் தூக்கினார். முத்துலட்சுமி அடுப்பைத் தூக்கினார். நான் இங்கே கம்பெனி வேனில் உட்கார்ந்து வீடியோவில் பார்த்தேன். அப்பா குடை பிடித்து நின்றது ஞாபகம் வந்தது. முத்துலட்சுமி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நான் கவனித்தேன். வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது தடவையும் அதேபோல நடந்தது. இந்த முறை செல்வராஜ் சிரிக்கவில்லை. மற்றபடி எல்லாம் சுபம்.

4

மூன்றாவது தடவைதான் அந்த வெள்ளிக்கிழமை.

இட்லித் தட்டை ஒதுக்கிவிட்டு வீடியோ போட்டேன். தங்கவேலு வழியில் டயருக்குக் காற்றடித்துவிட்டுச் சாவகாசமாகத்தான் போய்ச் சேர்ந்தான். அடுப்பு கேட்டுக்கு வெளியே வரும்போது ஊரில் பத்து இருபது. வீட்டைப் பூட்டிச் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட பிறகு தங்கவேலு நாக்கைக் கடித்தான்.

“மாமா, ஒரு தப்பாயிப்போச்சுங்க.”

“என்னடா மாப்ள, அடுப்பு விழுந்துருச்சா?”

“வெள்ளிக்கெழமைங்க. பத்தரைக்கு ராகு காலம் புடிக்குது. பன்னெண்டு வரைக்கும் பால் காய்ச்சக் கூடாதுங்களே.”

ராகு காலத்தில் குடி புகுந்தால் என்ன ஆகும்? எனக்குத் தெரியாது. தெரியாததால் கூடப் பயம். “பன்னெண்டு மணிக்கே போகட்டும்” என்றேன்.

ஒன்றரை மணி நேரம். மாசி வெயில். அடுப்பும் சிலிண்டரும் இரண்டு அண்டாவும் ரோட்டோரம். போகிற வருகிறவர்கள் எல்லாரும் நின்று கேட்டார்கள். டிராக்டரில் போன ஒருவர், “ஏனுங்க, காலி பண்றீங்களா? எனக்கொரு ஊடு வேணும்ங்க” என்றது எனக்கே கேட்டது. செல்வராஜ் மில் வேலைக்குப் போயிருந்தார். முத்துலட்சுமி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

எதிர்வீட்டு ருக்மணியக்கா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். தோப்பும் மாடுமாகத் தனியாக இருக்கிறவர், வாய் கொஞ்சம் பெரிசு.

“ஏம்மா, இந்தக் கூத்து இன்னும் முடியலையா? வா, வந்து நெழல்ல உக்காரு. காப்பி வெச்சிருக்கறேன். அந்த அடுப்பையும் எடுத்துட்டு வா, நாய் மோந்து பாக்குது.”

தங்கவேலு போனை ஆஃப் பண்ணினான். நானும் நிம்மதியாகக் குளிக்கப் போனேன். குளித்துவிட்டு வந்து கூப்பிட்டபோது ஊரில் பன்னிரண்டரை.

“உள்ள போயிட்டாங்களா மாப்ள?”

“போயிட்டாங்க மாமா.”

“பால் பொங்குச்சா?”

“நல்லாப் பொங்குச்சுங்க. ஆனா நம்மூட்ல இல்லைங்க. ருக்மணியக்கா பின்கட்டு ஊட்ல.”

போனை முத்துலட்சுமியிடம் கொடுக்கச் சொன்னேன். மூன்று வருசத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசியது அன்றைக்குத்தான்.

“என்னம்மா இது, ராகு காலம் முடிஞ்சுதுங்களே. உள்ள போகலீங்களா?”

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கவா?”

“கேளுங்கம்மா.”

“நீங்க அங்க எத்தனை வருசமா ஒரே வீட்ல இருக்கீக?”

“பதினாறு வருசமாச்சுங்க.”

“சொந்த வீடா?”

“இல்லீங்க, வாடகைதான்.”

“பதினாறு வருசத்துல எத்தனை தடவ அடுப்பத் தூக்கி வாசல்ல வச்சீக?”

நான் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

“அந்த வீடு உங்க பேருக்கு ஆயிருச்சா அண்ணாச்சி?”

சரசு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஹேமாவும். போன் ஸ்பீக்கரில் இருந்தது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

“எஸ்டேட் லயத்துல இருபத்தாறு வருசம் இருந்தோம்” என்றார் முத்துலட்சுமி. குரல் ஏறவே இல்லை. “அது கம்பெனி வீடு. எங்க பேருல ஒரு செங்கல் கெடையாது. ஆனாலும் காலி பண்ணுங்கன்னு ஒரே ஒரு தடவதான் சொன்னாக. இவுக ரிட்டயர் ஆன மாசம். அன்னைக்கு அடுப்ப வெளிய எடுத்தது இன்னும் எனக்கு நெஞ்சுல நிக்கி. நீங்க மூணு தடவ எடுக்க வச்சிட்டீக. இவுக சிரிச்சாக. எனக்குச் சிரிப்பு வரல.”

போன் வைக்கப்பட்டது. ஹேமா என்னைப் பார்த்துக் கேட்டாள். “அப்பா, நான் அந்த வீட்ல இருக்கப் போறதில்ல. நீயும் இங்க இருக்க. அப்ப யாருகிட்ட இருந்து யாருக்காக அத காப்பாத்தறே?”

காலையில் ஒதுக்கி வைத்த இட்லி ஆறிவிட்டது என்றேன்.

5

வீடு காலியாகக் கிடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் தொழிலே அதுதான். வாஷர் காய்ந்து சுருங்கும். டிராப்பில், அதாவது சிங்க்குக்கு அடியில் குழாய் வளைகிற இடத்தில், தண்ணீர் வற்றினால் சாக்கடை நாற்றம் மேலே வரும். போர் மோட்டார் ஓடாமல் கிடந்தால் இறுகிக்கொள்ளும். எங்கள் பக்கம் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதென்று உங்களுக்கே தெரியும். மோட்டாரை மேலே எடுப்பது என்றால் ஒரு கல்யாணச் செலவு.

மிச்சச் சாமானையும் ருக்மணியக்கா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று தெரிந்ததும் வேறு ஆள் பார்க்கச் சொன்னேன். ஒருவர் வந்து ஹாலில் கோழித் தீவன மூட்டை அடுக்கலாமா என்று கேட்டார். இன்னொருவர் வீடு பிடித்திருக்கிறது, ஆனால் சமையலறை திசை சரியில்லை, இடித்துத் திருப்பிக் கட்டித் தருவீர்களா என்றார். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி எல்லாவற்றுக்கும் சரி என்றது. பிறகு தெருவில் யாரோ, ‘அந்த வீட்டுக்காரர் பதினோரு மாசத்துக்கு ஒருக்கா நடுரோட்டுல உக்கார வெப்பாருங்க’ என்று சொல்லிவிட்டார்களாம். அந்தப் பெண் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிட்டாள்.

இதற்கு நடுவில் இங்கே என் வீட்டுக்காரர் வந்தார். வருசா வருசம் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க வருகிற அரபி. வயதானவர். காரிலேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு, ஒரு டப்பா பேரீச்சம்பழத்தை ஜன்னல் வழியாக நீட்டினார். “வீடு எப்படி? ஏதாவது ரிப்பேர் இருக்கா?” என்று கேட்டார். பிளம்பரிடம் கேட்கிறாரே என்று அவருக்கே சிரிப்பு. நானும் சிரித்தேன். கார் திரும்பிப் போகும்வரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு தெருவிலேயே நின்றேன். பதினாறு வருசமாக இந்த மனிதர் என் சமையலறைக்குள் எட்டிப் பார்த்ததே இல்லை.

6

இரண்டாவது மாதம் தங்கவேலு கூப்பிட்டான்.

“மாமா, பூட்டுன ஊட்டுக்குக் கரண்ட் பில் வந்துருக்குதுங்க.”

“மினிமம் வரும்டா.”

“மினிமத்துக்கு மேலயே வந்துருக்குதுங்க. மீட்டர் ஓடியிருக்குது. கறிவேப்பிலைச் செடி பச்சுனு நிக்குது. நான் ஒரு நாளும் தண்ணி ஊத்தலீங்க மாமா, உள்ளதச் சொல்றேன்.”

மோட்டார் ஷெட்டுக்குப் பூட்டு கிடையாது. யாரோ என் தண்ணீரைத் திருடுகிறார்கள். தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். நாளைக்கு இதுவே வழக்கம் என்று ஆகி, பிறகு உரிமை என்று ஆகி... நான் தங்கவேலுவைக் காவல் இருக்கச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் மாமரத்துக்குப் பின்னால், கையில் ஒரு தடி, மறு கையில் என்னை வீடியோவில் வைத்துக்கொண்டு நின்றான். நான் இங்கே ஒருவர் வீட்டு சிங்க்குக்கு அடியில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கேட் திறக்கிற சத்தம். வந்தவர் நேராக ஷெட்டுக்குப் போய் ஸ்விட்சைப் போட்டு, காதைக் கொடுத்துக் கேட்டார். தோளில் துண்டு. திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

“வாங்க தங்கவேலு. கம்பு எதுக்கு? பாம்பு கீம்பு கெடக்கா?”

செல்வராஜ்.

தங்கவேலு தடியைக் கறிவேப்பிலைச் செடிக்கு முட்டுக் கொடுக்கிறவன் மாதிரி ஊன்றினான். “இல்லீங்க... மாமா லைன்ல இருக்காருங்க” என்று போனை நீட்டினான்.

“அண்ணாச்சி, நல்லாருக்கீகளா? இது ஓடாமக் கெடந்தா ஜாம் ஆயிரும்லா. அதான் ரெண்டு நாளைக்கு ஒருக்கா பத்து நிமிசம் போட்டு விடுதேன். தண்ணி வீணாப் போகண்டாம்னு செடிக்குத் திருப்பி விட்டேன். சொல்லாமச் செஞ்சது தப்புதான். இவ சொல்லக் கூடாதுன்னுட்டா.”

“யாருங்க?”

“முத்துலட்சுமிதான். மோட்டாரப் போட்டுவிட்டு வாங்கன்னு அனுப்புறதும் அவதான். சொல்லக் கூடாதுங்கிறதும் அவதான்.”

சிங்க்குக்கு அடியிலிருந்து எழுந்தபோது பைப்பில் தலை இடித்தது. நல்ல இடி.

7

அடுத்த மாதம் பதினைந்து நாள் லீவில் தனியாகப் போனேன். பெட்டியை என் வீட்டில் வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டினேன். கையில் அந்த அரபி கொடுத்த பேரீச்சம்பழ டப்பா. வேறு என்ன கொண்டுபோவதென்று தெரியவில்லை.

ருக்மணியக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “வாங்க வெளிநாட்டுக்காரரே. எந்த அடுப்ப எடுக்கலாம்னு பாக்க வந்தீங்களா? எங்கூட்ல மூணு இருக்குது.”

“அக்கா, நீங்க வேற.”

முத்துலட்சுமி பின்கட்டு வாசலில் நின்றார். நான் வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் வரவில்லை. பெரியப்பா தோப்புக் கதையைச் சொன்னேன். ஆபீசர் அடுப்பைப் பார்த்ததைச் சொன்னேன். அப்பா குடை பிடித்ததைச் சொன்னேன். செல்வராஜ் கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்ப அந்த ஆளுக்குப் பத்து செண்ட் கெடச்சுதா?” என்றார்.

“கெடச்சுதுங்க.”

“நல்லது” என்றார் முத்துலட்சுமி. முதல் தடவையாகச் சிரித்தார்.

“திரும்பி வரணும்மா” என்றேன். “பத்திரம் புதுசு எழுதிக்கலாம். காகிதம் மட்டும் மாறட்டும். அடுப்பு மாற வேண்டாம்.”

அவர் ருக்மணியக்காவைப் பார்த்தார். அக்கா, “என்னையப் பாக்காத. எனக்கு அந்த ரூம்ல புண்ணாக்கு மூட்டை போடோணும்” என்றார். அது பொய். எனக்கும் தெரியும், முத்துலட்சுமிக்கும் தெரியும்.

“வாரோம்” என்றார் முத்துலட்சுமி. “ஆனா ஒண்ணு. மூணு தடவ நான் தூக்குனேன். இந்தத் தடவ நீங்க தூக்கணும்.”

ஒரு கேஸ் அடுப்பு என்ன கனம் இருக்கும்? நான் மஸ்கட்டில் வாட்டர் ஹீட்டரையே தோளில் ஏற்றுகிறவன். ஆனால் அன்றைக்கு அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ரோட்டைத் தாண்டும்போது நடுவில் நின்று பிடியை மாற்ற வேண்டி வந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். தங்கவேலு பத்தடி தள்ளி, எனக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல நடந்து வந்தான். பிறகு என்ன தோன்றியதோ, ஓடி வந்து எனக்குக் குடை பிடித்தான்.

சமையலறை மேடையில் அந்த அடுப்பின் நாலு ரப்பர் கால் முன்பு பட்ட அச்சு அப்படியே இருந்தது. எங்கே வைப்பதென்று ஒருவரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அடுப்பு அதன் மேலேயே சரியாக உட்கார்ந்தது.

அன்றைக்கு என்ன கிழமை, ராகு காலம் எப்போது என்று நான் பார்க்கவில்லை. பிறகுதான் தங்கவேலு சொன்னான். சொல்லியிருக்க வேண்டாம்.

பால் பொங்கியது. முத்துலட்சுமி முதல் டம்ளரை என்னிடம் நீட்டி, “சீனி போதுமா அண்ணாச்சி?” என்றார். என் வீட்டில், நான் போட்ட தரையில், விருந்தாளி மாதிரி ஒரு ஓரமாக உட்கார்ந்து குடித்தேன். குளியலறையில் எங்கோ சொட்டுகிற சத்தம் கேட்டது. மூன்று மாதம் காய்ந்த வாஷர். டம்ளரை வைத்துவிட்டு, ஒரு ஸ்பேனர் இருக்குமா என்று செல்வராஜிடம் கேட்டேன்.

மஸ்கட்டுக்கு வந்த பிறகு ஹேமா அந்த அலாரத்தை அழித்துவிடு என்றாள். முடியவில்லை. பயந்த சுபாவம், அழித்துவிட்டு அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பேன். பெயரை மட்டும் மாற்றினேன். இந்த வாரம் அது அடித்தபோது ஹேமா வழக்கம்போல எழுத்துக்கூட்டினாள்.

“ரி... ப்பே... ர் ஏ... தா... வ... து இரு... க்... கா. ரிப்பேர் ஏதாவது இருக்கா?”

நான் போனை எடுத்து முத்துலட்சுமியிடம் அதையே கேட்டேன்.